புதுச்சேரி பழைய வீடு, பின்கட்டு இடிந்துவிட்டது: முழுவதும் இடிப்பதா, முன்பாதியைக் காப்பாற்றுவதா?

இரண்டாம்கட்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். புதுச்சேரியில் வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் எங்கள் அம்மா வழிக் கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. அகலம் 22 அடி, நீளம் 115 அடி. இரண்டு பக்கமும் பொதுச்சுவர். தெருவோரம் தாழ்வாரம், அதற்குள் திண்ணை, தேக்குக் கதவு, முற்றத்தைச் சுற்றி முதல்கட்டு. முன்பக்கம் மட்டும் மாடி உண்டு. கீழே மரத்தூண், மேலே காரைத்தூணும் வளைவு வைத்த ஜன்னலும். பின்னால் இரண்டாம்கட்டு, அதற்கும் பின்னால் சமையல்கட்டு, கிணறு.

போன ஐப்பசி மழையில் இரண்டாம்கட்டின் கூரை அப்படியே உட்கார்ந்துவிட்டது. உள்ளே யாரும் இல்லாதது புண்ணியம். வடக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் பழைய வீட்டை முன்பே இடித்து, மாடிக்கட்டடம் கட்டப் பள்ளம் தோண்டி, பணம் புரளாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். மழையில் அது குளமாக நிற்கிறது. எங்கள் கூரை விழுந்தது அந்தப் பக்கம்தான். பொதுச்சுவரும் அந்தப் பள்ளத்தின் பக்கம் சாய்ந்த மாதிரி தெரிகிறது.

வீட்டில் அம்மா, பெரியம்மா, மாமா மூவருக்கும் பங்கு. மாமா முழுவதும் இடித்துவிட்டு ஆளுக்கொரு தளமாகக் கட்டலாம் என்கிறார். பெரியம்மாவுக்கு எதுவானாலும் சரி. அம்மா பிறந்தது அந்த வீட்டில்தான், அவர் எதுவும் சொல்லாமல் இருக்கிறார். எனக்கு முன்பாதியை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் மட்டும் புதிதாகக் கட்ட முடியுமா என்று தெரிய வேண்டும். வாடகைக்கு விடும்படி இரண்டு மூன்று சின்ன வீடுகள் வந்தால் மாமா ஒத்துக்கொள்வார்.

பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் ஒருவர், சுண்ணாம்பு வேலைக்கு இப்போது ஆளே கிடையாது, பழைய சுவரை ஒட்டி ஆர்சிசி போட்டால் இரண்டும் ஒட்டாது, இடிப்பதுதான் வழி என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னொரு சங்கதியும் உண்டு. தெருவில் ரோடு போட்டுப் போட்டு உயர்ந்து, இப்போது திண்ணை மட்டத்துக்கு வந்துவிட்டது. பெருமழைக்குத் தண்ணீர் நடை (வாசலிலிருந்து உள்ளே போகும் வழி) வரை வருகிறது. சுவரெல்லாம் இடுப்பளவுக்கு ஓதம். சில வருஷங்களுக்கு முன் சிமென்ட் பூச்சு பூசினோம், அதுவும் கொப்பளித்து உதிர்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கம்பியும்சிமென்டும் எழுதியது:

நான் சைட் சூப்பர்வைசர். மனதில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று பங்குதாரர், ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் பொதுச்சுவர், லாரி உள்ளே போக வழியில்லாத மனை. இதில் பழையதையும் வைத்துக்கொண்டு புதியதும் கட்டுவது என்றால் கூலி எங்கேயோ போய்விடும். மணல், ஜல்லி எல்லாம் தலைச்சுமையாக அந்த நடை வழியாகத்தான் போக வேண்டும். பழைய வீட்டில் வேலையைத் தொட்டால் எது எவ்வளவு ஆகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பாதி வேலையில் பணம் தீர்ந்தால் பக்கத்து வீட்டுக்காரர் நிலைமைதான் உங்களுக்கும். அம்மா இருக்கும்போதே பிரச்சினை தீர வேண்டுமானால் மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது.


தாழ்வாரம் எழுதியது:

நான் புதுச்சேரியில் ஒரு சின்னக் கட்டடக்கலை அலுவலகம் நடத்துகிறேன். பழைய வீடு, அதோடு ஒட்டிய இண்டு இடுக்கான மனை, பாகப்பிரிவினையில் நறுக்கிப்போட்ட துண்டு நிலம், இவைதான் எங்களிடம் வரும் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுக் கூரை வயதாகி விழவில்லை என்று நினைக்கிறேன். நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொன்ன மூன்று விஷயமும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. மெட்ராஸ் டெரஸ் கூரையில், அதாவது மரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் போட்ட மட்டக் கூரையில், தேக்குச் சரங்கள் (கூரையைத் தாங்கும் மரங்கள்) ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குக் குறுக்கே கிடக்கும். ஒவ்வொன்றின் முனையும் சுவருக்குள் ஒரு சாண் அளவுதான் உட்கார்ந்திருக்கும். அந்தச் சரங்கள் கூரையைத் தாங்குவதோடு நிற்பதில்லை. இரண்டு சுவரையும் ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பதும் அவைதான். வடக்கு வீட்டிலும் அதே மாதிரி சரங்கள் மறுபக்கத்திலிருந்து அதே சுவரைப் பிடித்திருக்கும். அவர்கள் வீட்டை இடித்தபோது அந்தப் பிடிமானம் போயிற்று. அப்புறம் சுவரின் காலடியில் தோண்டி, அதில் தண்ணீரையும் தேங்க விட்டார்கள். நம் ஊர் மணலில் இது போதும். சுவர் பள்ளத்தின் பக்கம் சாயச் சாயச் சரத்தின் முனை இருப்பை விட்டு நழுவிக்கொண்டே வரும்.

அந்த முனை ஏற்கெனவே உளுத்திருந்தால் கேட்கவே வேண்டாம். எங்களிடம் வந்த ஒரு வீட்டில், சரம் சுவருக்குள் போகும் இடத்தில் சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்தோம். உள்ளே செங்கல் ஈரமாக இருந்தது, மேலெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. மரத்தின் முனையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் பிடிவரை இறங்கியது. அதே சரத்தில் ஒன்றரை அடி தள்ளிச் சுத்தியலால் தட்டினால் கணீரென்று சத்தம், உளி தெறித்தது. அந்த வீட்டு மரங்கள் முக்கால்வாசி இப்படித்தான் இருந்தன, முனை மட்டும் போயிருந்தது. உளுத்த துண்டை அறுத்துவிட்டு, பழைய தேக்கிலேயே புது முனை செதுக்கி, இரண்டு பக்கமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு வைத்து போல்ட் போட்டோம். முனை உட்காரும் பொந்தில் காற்று போக இடம் விட்டோம். கூரையைப் பிரிக்கவே இல்லை. அதனால்தான் விழுந்த பாதியைப் பார்த்து நிற்கும் பாதிக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது என்கிறேன். முதல்கட்டில் ஒவ்வொரு சரத்தின் முனையையும் தட்டிப் பார்த்த பிறகு பேசலாம்.

சிமென்ட் பூச்சை எடுத்துவிடுங்கள், இதில் இரண்டாம் யோசனை வேண்டாம். பழைய செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விட்டுவிடும். அப்படித்தான் இத்தனை காலம் நின்றன. மேலே சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து அதைத் தள்ளும். நீங்கள் பார்க்கும் கொப்பளம் அதுதான். இடுப்பளவில் இருக்கிற ஓதம் சரத்தின் முனைவரை ஏறாமல் இருக்க வேண்டுமானால் சுவரைத் திறந்து ஒரு கோடை முழுவதும் காய விட வேண்டும், பிறகு சுண்ணாம்பிலேயே பூச வேண்டும். முற்றத்துக்கு மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். வீட்டின் வெக்கையும் ஈரமும் மேலே போக இருக்கும் ஒரே வழி அது.

இனி, அவசரமான வேலை. வரைபடம், பங்கு, வாடகை எல்லாம் பிறகு. அந்த வடக்குச் சுவரைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். சுவர் பள்ளத்தின் பக்கம் சாய்வதால் உங்கள் வீட்டுக்குள்ளிருந்து முட்டுக் கொடுத்துப் பயனில்லை. வெளியே, அவர்கள் மனையில் ஊன்றி, சாய்வு முட்டு நிறுத்த வேண்டும். அதற்கு அவர்கள் சம்மதம் வேண்டும், எழுத்தில் வாங்குங்கள். உள்ளேயிருந்து இழுப்புக் கம்பி போட்டு, சுவரின் வெளிமுகத்தில் தகடு வைத்து, தெற்குச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கலாம். ஆனால் தெற்குச் சுவர் அந்த இழுப்பைத் தாங்குமா என்று பழைய கட்டடம் தெரிந்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துச் சொல்ல வேண்டும். பள்ளத்தில் தேங்கிய தண்ணீரை மோட்டார் வைத்து ஒரேயடியாக இறைக்க விடாதீர்கள். தண்ணீரோடு சேர்ந்து மணலும் வரும், சுவரின் காலுக்கு அடியில் வெற்றிடம் விழும். சுவரை ஒட்டி மணல் மூட்டை அடுக்கி அணைகட்டுவது உடனடியாகச் செய்யக்கூடியது, செலவும் அதிகமில்லை.

பழையதை ஒட்டி ஆர்சிசி போட முடியாது என்று ஒப்பந்தக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஒட்டிப் போடக் கூடாது, தள்ளிப் போட வேண்டும். பின்மனையில் எழும்பும் புதுக் கட்டடத்தின் ஒரு கிலோ பாரம்கூடப் பொதுச்சுவர்மேல் ஏறக் கூடாது. பில்லர்களைச் சுவரிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளி நிறுத்தி, மேலே பீமைச் சுவரைத் தொடாமல் அதன் பக்கம்வரை நீட்டிக்கொள்ளலாம். 22 அடி அகலத்தில் நடுவே சுமார் 16 அடி கிடைக்கும், அது தாராளம். மண்ணுக்குள் அடித்து இறக்கும் பைல் தூண் கூடவே கூடாது, அந்த அதிர்வுக்கு இரண்டு பக்கச் சுவரும் பதில் சொல்லும். ஃபுட்டிங் (பில்லரின் அடித்தளம்) தோண்டுவதற்கு முன் பழைய சுவரை ஒட்டி ஒரு சோதனைக் குழி எடுத்து, அதன் கடைக்கால் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பாருங்கள். புதுப் பள்ளம் அதைவிட ஆழமாகப் போவதானால் நீளமாக வெட்டாமல், ஒரு கஜம் வெட்டி நிரப்பி, ஒரு கஜம் விட்டு அடுத்ததை வெட்டி, விட்ட இடங்களுக்குப் பிறகு வர வேண்டும். புதுச் சுவருக்கும் பழைய சுவருக்கும் நடுவே இடைவெளி விட்டு, மழைநீர் அதற்குள் இறங்காதபடி மேலே தகடு மடித்து மூட வேண்டும். அந்தத் தகட்டில் கஞ்சத்தனம் பார்த்தால் நாலு மழையில் வீடு முழுவதும் ஓதம் திரும்பி வந்துவிடும்.

வெளிச்சத்துக்கு வருகிறேன். இரண்டு பக்கமும் ஜன்னல் வைக்க முடியாத 115 அடி நீள மனையில் பின்னால் முழுவதையும் அடைத்துக் கட்டினால் நடு அறைகளில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் கொத்தனார் இதற்கு விடை கண்டிருந்தார்: கட்டு, முற்றம், கட்டு, முற்றம். அதே கணக்கைப் பின்னாலும் தொடருங்கள். இடிந்த இரண்டாம்கட்டு இருந்த இடத்தில் 12 அடிக்கு 14 அடியாவது திறந்தவெளி விட்டு, அதைச் சுற்றி இரண்டு தளத்தில் சின்ன வீடுகள் வைத்தால் எல்லா அறைக்கும் காற்று வரும், கிணறும் தப்பும். இடத்தை வீணாக்குகிறோம் என்று மாமா சொல்வார். வெளிச்சமில்லாத வீட்டுக்கு வாடகை கிடைக்காது என்று அவரிடம் சொல்லுங்கள்.

கீழே மரத்தூண், மேலே காரைத்தூண் என்று எழுதியிருந்தீர்களே, அதன் மதிப்பையும் சொல்ல வேண்டும். கீழே தமிழ் வீடு, மேலே பிரெஞ்சு வீடு என்று ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இந்த அமைப்பு புதுச்சேரியின் சொத்து. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் காலத்தில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப்பிள்ளை வீட்டிலேயே அது வந்துவிட்டது. 1761இல் ஆங்கிலேயர் ஊரை இடித்தபோதும் தப்பி நிற்கும் வீடு அது. வைசியால் வீதிக்கு ஒருமுறை மாமாவைக் கூட்டிப்போங்கள். இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ்-சூர்-லோ நகரங்களோடு சேர்ந்து, ஐரோப்பிய ஒன்றிய உதவியில் நடந்த திட்டத்தில், மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு அங்கே தெருமுகப்புகளைச் சீர்செய்தது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருதுகளில் அந்தத் தெருவுக்கும் இடம் கிடைத்தது. வீட்டுக்கு வீடு தாழ்வாரம் தொடர்ந்து போகும், நடுவில் ஒரு வீடு போனால் நிழல் அறுந்துவிடும். உங்கள் தெருவிலும் அப்படித்தான், வடக்கு வீடு போய்விட்டது, நீங்களும் போனால் இரண்டு பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும்.

மழையை மட்டும் குறைத்து எடைபோடாதீர்கள். கடற்கரையில் இருந்த மேரி கட்டடம் (பழைய நகராட்சி மன்றம்) 2014 நவம்பர் மழையில்தான் விழுந்தது. 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம், எப்படிப்பட்ட கூடம்! இப்போது அதே உருவத்தில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள், 2021இல் திறந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அந்தப் பழைய சுவர்கள் போனது போனதுதான், ஒவ்வொரு முறை அந்தப் பக்கம் போகும்போதும் எனக்கு மனசு கேட்காது. உங்கள் முதல்கட்டு இன்னும் நிற்கிறது. அடுத்த ஐப்பசிக்குள் சுவர் பிடித்து நிறுத்தப்பட்டு, கூரையின் தண்ணீர் வழிகள் அடைப்பெடுத்து இருக்க வேண்டும்.

சைட் சூப்பர்வைசர் நண்பர் சொன்ன தலைச்சுமை விஷயம் சரியானது. அதனாலேயே வேலையின் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். முன்பாதியை முதலில் அழகாக்கிவிட்டுப் பின்னால் கட்டப் போனால், அத்தனை ஜல்லியும் சிமென்டும் புதுப்பித்த நடை வழியாகத்தான் போகும். முதலில் முன்பாதிக்கு முட்டுக் கொடுத்து, தரைக்கும் தூண்களுக்கும் பலகை அடித்து மூடி, பின்கட்டடத்தை முடியுங்கள். முன்பாதியின் பூச்சும் மரவேலையும் கடைசியில். நடை குறுகலாக இருப்பதால் கம்பியை வெளியிலேயே அளவுக்கு வெட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இடிபாட்டை யாருக்கும் விற்காதீர்கள். நீங்கள் அள்ளச் சொல்வதற்கு முன்பே பழைய மரம் வாங்குபவர்கள் வந்து நிற்பார்கள். விழுந்த தேக்குச் சரங்களுக்கு எண் எழுதி, தரையில் படாமல் அடுக்கி வையுங்கள். முதல்கட்டின் உளுத்த முனைகளுக்கு அதைவிட நல்ல மரம் கடையில் கிடைக்காது. சின்ன டெரஸ் செங்கல்களையும் உடையாததைப் பொறுக்கி வையுங்கள்.


காரைவேலை எழுதியது:

சுண்ணாம்பு வேலைக்கு ஆளில்லை என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் காரைக்குடிப் பக்கம். தாத்தா, அப்பா, இப்போது நான், மூன்று தலைமுறையாக இதே கொத்து வேலைதான். ஆள் குறைவு என்றால் ஒப்புக்கொள்கிறேன். இல்லை என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். சென்னையில் சேப்பாக்கம் அரண்மனையின் கல்சா மகால் 2012இல் தீப்பிடித்துக் கூரை எரிந்து சுவர்மட்டும் நின்றது. அதைப் பொதுப்பணித்துறையே கடுக்காயும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்பில்தான் திரும்ப எடுத்துக் கட்டியது. இப்போது உள்ளே பசுமைத் தீர்ப்பாயம் நடக்கிறது. ஆள் இல்லாமலா அது நடந்தது?

ஆனால் சுண்ணாம்புக்கு அவசரம் ஆகாது. கல் சுண்ணாம்பை நீற்றி, தண்ணீரில் ஊறப்போட்டு வைக்க வேண்டும். ஊற ஊறத்தான் அது வெண்ணெய்ப் பதத்துக்கு வரும். இன்று மூட்டையைப் பிரித்து இன்றே பூசலாம் என்று யாராவது சொன்னால் அவரை வேலைக்கு வைக்காதீர்கள். கடுக்காயைத் தட்டிப்போட்டு, வெல்லமும் கலந்து புளிக்க வைத்த தண்ணீர்தான் காரைக்குச் சேர்ப்பது. ஓதம் அடிக்கிற கீழ்ப்பகுதிக்குச் செங்கல் பொடியும் சேர்த்து அரைத்தால் ஈரத்திலும் இறுகும். உங்கள் வீட்டில் விழுந்து உடைந்த செங்கல் இருக்கிறதே, கரி படியாததாகப் பார்த்து எடுத்து அதையே இடித்துச் சலிக்கலாம்.

கூரையில் ஏதாவது ஒரு பகுதி திரும்பப் போட வேண்டி வந்தால், ஜல்லிக்காரை போட்டதும் கட்டையால் அடிப்பதை மட்டும் யாரும் குறைக்க விடாதீர்கள். எங்கள் அப்பத்தா காலத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பாட்டுச் சொல்லி, நாள்கணக்கில் அடிப்பார்கள். அடிக்கும்போது காரைக்குள்ளிருந்து பால் மாதிரித் தண்ணீர் மேலே கசியும், அதன்மேல் கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துத் திரும்ப அடிப்பார்கள். கட்டை துள்ளி எழும்ப ஆரம்பித்தால்தான் நிறுத்துவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கைவைத்துப் பார்த்தே பக்குவம் சொல்வார்கள். அந்தத் தளத்துக்கு மேல் தட்டோடு பதித்துவிட்டால் சொட்டுத் தண்ணீர் இறங்காது. இப்போது அடிக்கிற கூலியை மிச்சம் பிடிக்கப் பார்த்து, ஒரே நாளில் முடித்துவிட்டு, ஒழுகியதும் சுண்ணாம்பைக் குறை சொல்கிறார்கள். அது எனக்குப் பொறுக்காது.

பூச்சு வேலையைப் பங்குனி, சித்திரை வெயிலில் திறந்துபோட்டுச் செய்ய வேண்டாம். ஈரச்சாக்கு கட்டி நிழலில் காய விடுங்கள், சீக்கிரம் காய்ந்தால் வெடித்துவிடும்.


முத்தியால்பேட்டைக்காரர் எழுதியது:

நாங்களும் ஐந்து பங்குதாரர். வீட்டை நிறுத்தி வைத்ததில் சுவரைவிடச் சொந்தக்காரர்கள்தான் கஷ்டம். ஒரு யோசனை: வேலை தொடங்குவதற்கு முன் யாருக்கு எந்தப் பகுதி, முன்பாதியின் பராமரிப்புச் செலவை யார் எவ்வளவு தருவது என்று எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். முன்பாதி யாருக்கும் தனியாகச் சேராமல் பொதுவில் இருக்கட்டும் என்று விட்டால் ஓடு மாற்றக்கூட ஆள் வராது. எங்கள் வீட்டில் முன்பகுதியை ஒரே பங்குதாரர் எடுத்துக்கொண்டு, மற்றவர்களுக்குப் பின்னால் கூடுதல் சதுர அடி கொடுத்தோம். அதற்கப்புறம் சண்டை இல்லை. உங்கள் வீடு மரபுப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் திட்டக் குழுமத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டியலில் இருந்தால் இடிக்க அனுமதி கேட்டே அலைய வேண்டியிருக்கும், மாமா அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.


இரண்டாம்கட்டு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பொங்கலுக்கு எல்லோரும் கூடியபோது மாமாவிடம் இதை முழுவதும் படித்துக் காட்டினேன். வெளிச்சம், வாடகை என்று வந்த இடத்தில் நிறுத்தி இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். சரி, சுவரை முதலில் நிறுத்துவோம், மற்றது அப்புறம் என்று சொல்லியிருக்கிறார். முன்பகுதியை அம்மா பங்குக்கு எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அம்மா அன்றைக்கே போய் விழுந்த மரங்களை எண்ணிப் பார்த்துவிட்டு வந்தார்.

தாழ்வாரம் அவர்களுக்கு இரண்டு கேள்வி. வடக்கு வீட்டுக்காரர்கள் போன் எடுப்பதில்லை, வெளியூரில் இருக்கிறார்கள். அவர்கள் மனையில் முட்டு ஊன்ற என்ன செய்வது? இன்னொன்று, ரோடு உயர்ந்துவிட்டதால் உள்தரையை ஒன்றரை அடி தூக்கிவிடலாம் என்று மாமா சொல்கிறார். செய்யலாமா?


தாழ்வாரம் எழுதியது:

முதலில் சுவரின் விரிசல்களுக்குக் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டுகளைச் சுண்ணாம்பு வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்ததைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். கண்ணாடி உடைந்தால் முட்டு வருகிறவரை அந்தச் சுவரோரம் யாரும் போக வேண்டாம். பொதுச்சுவர் சாய்கிறது, உயிருக்கு ஆபத்து, முட்டு நிறுத்த அனுமதி வேண்டும், செலவு எங்களுடையது என்று வடக்கு வீட்டுக்காரர்களுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள், படங்களையும் இணைத்து. நகலை நகராட்சிக்கும் திட்டக் குழுமத்துக்கும் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்குங்கள். பதில் வராமல் போனால் வக்கீலிடம் போக அந்தக் காகிதம்தான் கைகொடுக்கும். செலவு எங்களுடையது என்ற வரியை விட்டுவிடாதீர்கள். எனக்குத் தெரிந்து பெரும்பாலான பக்கத்து வீட்டுக்காரர்கள் இறங்கிவருவது அந்த வரியைப் படித்த பிறகுதான்.

உள்தரையைத் தூக்க வேண்டாம். ஒன்றரை அடி தூக்கினால் மரத்தூண்களின் கல்பீடம் புதைந்து, தூணின் அடிமரம் மண்ணுக்குள் போகும், கரையானுக்கு அதைவிட என்ன வேண்டும்? கதவின் நிலையை அறுக்க வேண்டிவரும். முற்றம் கிணறு மாதிரி ஆகும். கொட்டிய மண்ணின் ஈரம் சுவரில் இன்னும் ஒன்றரை அடி மேலே ஏறும்.

தண்ணீரைத் தெருவிலேயே தடுங்கள். தாழ்வாரத்தின் ஓரமாகச் சல்லடை மூடி போட்ட ஒரு வடிகால், திண்ணைக்கு முன் கருங்கல்லில் ஒரு படி உயரத்துக்கு விளிம்பு, வாசற்படியில் மழைக்காலத்துக்கு மட்டும் செருகி எடுக்கும் பலகை. முற்றத்துத் தண்ணீர் இப்போது தெருவுக்குப் போவதாக இருந்தால், தெரு உயர்ந்துவிட்டதால் அது திரும்பத்தான் வரும். அந்தக் குழாயைத் தெருப்பக்கம் அடைத்துவிட்டு, பின்னால் புது முற்றத்துக்குத் திருப்பி, மணலும் ஜல்லியும் போட்ட உறிஞ்சுகுழிக்குள் விடுங்கள். குழி பொதுச்சுவர்களிலிருந்து நன்றாகத் தள்ளி நடுவில் இருக்கட்டும். கிணற்றுக்கும் அதில் ஊற்று வரும். குழி எடுப்பதையும் ஃபுட்டிங் தோண்டுவதையும் ஆனிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் அந்த மணலில் பள்ளம் நிற்காது.

மாசி பிறந்ததும் சரங்களின் முனைகளைத் திறந்து பார்க்கலாம். அதற்குள் அம்மாவை அடுக்கிய மரங்களின் நீளத்தையும் கனத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். முதல்கட்டில் எத்தனை முனைக்கு அது போதும் என்று அங்கேயே கணக்குப் போட்டுவிடலாம்.